வீட்டு பீருக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில், வாசகர் கேள்வி பதில் பகுதியில், பாரீஸ் புறநகரில் குடியிருக்கும் புதுச்சேரி அன்பர் ஒருவர், தாம் முதன்முதலாக வீட்டில் காய்ச்சிய 20 லிட்டர் பீர் வாயில் வைக்க முடியாதபடி அமைந்துவிட்டதாகச் சொல்லி, அதன் சுவையைத் தேற்ற வழி கேட்டிருந்தார். ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையும் சிறிது எலுமிச்சைச் சாறும் விட்டு மூடி வைத்தால் சுவை கூடிவிடும் என்று அதற்குப் பதில் வெளியாகியிருந்தது. எலுமிச்சையால் பெரிய கேடு ஒன்றும் வந்துவிடாது. சர்க்கரையால் வரும். அதனால்தான் கடிதம் எழுதும் பழக்கமே இல்லாத நான் இதை எழுதுகிறேன்.

பிரான்சில், ஸ்ட்ராஸ்பூர் நகரை அடுத்த ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்று, முத்தியால்பேட்டையில் என் தந்தையார் கட்டிய வீட்டுக்கே திரும்பி வந்தவன் நான். காலையில் வரிசையாக வைக்கப்பட்ட குவளைகளை மோந்து, ருசித்து, துப்பி, எதில் என்ன குறை என்று ஏட்டில் எழுதுவதே அங்கே என் வேலையாக இருந்தது. பீர் குடிப்பதற்கா சம்பளம் என்று உறவினர்கள் கேலி செய்வார்கள். குடிக்காமல் இருப்பதற்குத்தான் சம்பளம் என்று நானும் பதில் சொல்வேன்.

மேலே செல்லுமுன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1970-ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி புதுவையில் உரிமம் இல்லாமல் மது தயாரிக்கக் கூடாது. எல்லையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் போனால் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. பிரான்சில் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சிக்கொள்ளத் தடை இல்லை. பிரிட்டனில் 1963 முதல் அதற்கு உரிமமும் வேண்டியதில்லை. நான் எழுதுவது அத்தகைய நாடுகளில் வாழும் நம்மவர்களுக்காக மட்டுமே. உள்ளூரில் யாரும் இதைப் படித்துவிட்டுப் பெரிய மார்க்கெட்டுக்கு வாளி வாங்கப் போக வேண்டாம்.

இப்போது சர்க்கரைக்கு வருகிறேன். பாட்டிலில் அடைக்கும்போது சர்க்கரை சேர்ப்பது உண்மையிலேயே ஒரு வழக்கந்தான். ஆனால் அது இனிப்புக்காக அன்று. மீந்திருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளியிடும். மூடி இறுகியிருப்பதால் அந்த வாயு பீருக்குள்ளேயே கரைந்து நுரையாக நிற்கும். இதற்கு லிட்டருக்கு 5 முதல் 7 கிராம் சர்க்கரை போதும். அதாவது 330 மில்லி பாட்டில் ஒன்றுக்குச் சுமார் 2 கிராம். இரண்டு தேக்கரண்டி என்பது ஏறக்குறைய 10 கிராம். அவ்வளவும் நொதித்துவிட்டால் பாட்டிலுக்குள் உண்டாகும் அழுத்தம், ஷாம்பெயின் பாட்டிலில் இருக்கும் அழுத்தத்தையே தாண்டிவிடும். ஷாம்பெயின் பாட்டிலின் கண்ணாடி எவ்வளவு தடிமன் என்பது புதுவைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாதாரண பீர் பாட்டில் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் வெடிக்கும். வெடித்த கண்ணாடிச் சில்லு கண்ணில் படலாம். பாட்டில் தோறும் கரண்டியால் அள்ளிப் போடுவதே ஆபத்தான வழக்கம். 20 லிட்டருக்கும் சேர்த்து 120 கிராம் சர்க்கரையைத் தராசில் நிறுத்து, சிறிது நீரில் கொதிக்க வைத்து ஆற்றி, மொத்த பீரிலும் மெல்லக் கலந்த பிறகு அடைப்பதே முறை.

ஆபத்து ஒரு புறம் இருக்கட்டும். அந்தப் பதிலின் மீது எனக்குள்ள பெரிய குறை வேறு. குழம்பில் உப்புக் குறைந்தால் உப்புப் போடலாம்; அடி பிடித்துவிட்டால் எதைப் போட்டாலும் அடி பிடித்த வாடை போகாது. பீரில் வரும் குறைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. எதைச் சேர்க்கலாம் என்று யோசிப்பதற்கு முன், நாக்கில் படுவது என்ன வாடை என்று பெயர் வைக்க வேண்டும். பெயர் தெரிந்துவிட்டால் அது எந்தக் கட்டத்தில் உள்ளே நுழைந்தது என்பதும் தெரிந்துவிடும். நல்ல வேளையாக, அந்த அன்பர் தாம் செய்தது அனைத்தையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். மால்ட் எனப்படும் முளைகட்டி உலர்த்திய பார்லியின் கெட்டிச் சாறு 1.7 கிலோ அடங்கிய ஒரு டின், அதனுடன் ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை, குழாய்த் தண்ணீர், டின்னோடு வந்த ஈஸ்ட் பொட்டலம். வாளியை ழவேல் தண்ணீரால், அதாவது குளோரின் கலந்த வெளுக்கும் திரவத்தால், கழுவியிருக்கிறார். சாற்றையும் சர்க்கரையையும் வெந்நீரில் கரைத்த கஷாயம் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஈஸ்ட்டைத் தூவி, குளிர்காலம் ஆயிற்றே என்று வாளியைச் சமையலறை ரேடியேட்டரின் ஓரத்தில் வைத்திருக்கிறார். ஆறாம் நாள் எடுத்து ருசித்தபோது மருந்து வாடை, நகப் பூச்சை அழிக்கும் திரவத்தின் நெடி, பச்சை ஆப்பிளின் காரல், இவற்றோடு தண்ணீர் போன்ற மெலிவு. ஒரே வாளியில் நான்கு குறைகள். எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பாடம் நடத்த இதைவிடச் சிறந்த மாதிரி கிடைத்திராது.

அவர் செய்த பிழைகளில் முதன்மையானது அவருடைய பிழையே அன்று, நம்முடைய சமையலறை கற்றுக்கொடுத்த பழக்கம் என்றுதான் நான் நினைக்கிறேன். பாலுக்கு உறை ஊற்றுவது கை பொறுக்கும் சூட்டில். மார்கழியில் இட்லி மாவு பொங்கவில்லை என்றால் நம் வீட்டுப் பெண்கள் பாத்திரத்தை அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி, மேலே ஒரு கோணியைப் போட்டு மூடுவார்கள். சூடு இருந்தால்தான் புளிக்கும், பொங்கினால்தான் நல்லது என்பது நம் கையிலேயே ஊறிப்போன பாடம். தயிருக்கும் இட்லிக்கும் அது சரி. அங்கே வேலை செய்பவை பெரும்பாலும் புளிப்பை உண்டாக்கும் பாக்டீரியாக்கள், அவற்றுக்குச் சூடு பிடிக்கும். பீரில் வேலை செய்ய வேண்டியது ஈஸ்ட் ஒன்றே. அதை அதிகச் சூட்டில் விட்டால் அது வேகமாக வேலை செய்யும். வேகத்தோடு கூடவே, நமக்கு வேண்டாத கனத்த ஆல்கஹால்களையும், எஸ்டர்கள் எனப்படும் வாடைப் பொருள்களையும் அள்ளிக் கொட்டிவிடும். நகப் பூச்சு அழிப்பானின் நெடி என்று அவர் எழுதியிருப்பது எதைல் அசிட்டேட் என்னும் எஸ்டரின் வாடை. இதை நான் ஏட்டுப் படிப்பாகச் சொல்லவில்லை. ஆலையில் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், அடுக்ககத்து அறையில் நானே காய்ச்சிய முதல் பீரையும் இதே போல் ரேடியேட்டரின் ஓரத்தில்தான் வைத்தேன். மூடியைத் திறந்ததும் என் மனைவி, இதைக் குடிப்பதா நகத்தில் தேய்ப்பதா என்று கேட்டாள்.

பழச்சாயலும் மணமும் கொண்ட, ஏல் எனப்படும் வகை பீருக்கான ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் ஏற்றது. குளிரில் மெல்ல நொதிக்கும் லாகர் வகைக்கு 8 முதல் 12. இங்கே பலரும் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. நொதித்தல் தானே வெப்பத்தை வெளியிடுவதால், முதல் மூன்று நாட்களில் வாளிக்குள் இருக்கும் சூடு அறையின் சூட்டைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருக்கும். அறை 24 டிகிரி என்றால் பீர் 28. கெட்ட வாடைகளில் பெரும்பகுதி இந்த முதல் மூன்று நாட்களில்தான் உண்டாகிறது; அதற்குப் பிறகு குளிர வைத்துப் பயன் இல்லை. அவர் வசிக்கும் கட்டடத்தில் நிலவறை இருக்குமானால் வாளியை அங்கே இறக்கிவிடலாம். இல்லையென்றால், வாளியை ஓர் அகன்ற தொட்டி நீரில் நிறுத்தி, மேலே ஈரத் துண்டைச் சுற்றிவிட்டால் போதும். நம் வீட்டு மண்பானை எந்த விதியால் தண்ணீரைக் குளிர வைக்கிறதோ அதே விதியால் அந்த ஈரத் துண்டும் இரண்டு மூன்று டிகிரியைக் குறைத்துத் தரும்.

ஈஸ்ட்டைத் தூவும் சூடும் இதே போல்தான். கை பொறுக்கும் சூடு என்பது 40 டிகிரியை ஒட்டியது. அந்தச் சூட்டில் உள்ள கஷாயத்தில் விழும் ஈஸ்ட்டில் ஒரு பகுதி செத்துவிடும், மீதி நோயாளியாகவே வேலையைத் தொடங்கும். கஷாயம் 20 டிகிரிக்கு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். நெல்லிலிருந்து வீட்டிலேயே ஆக்கிய கள்ளைத் தோப்பி என்று அழைத்த சங்க காலத்தார்கூட, அரிசிக் களியை வாயகன்ற பாத்திரத்தில் நன்றாக ஆறவிட்ட பிறகுதான் முளை நெல்லைக் கலந்தார்கள். பெரும்பாணாற்றுப்படையில் அந்தச் சமையல் குறிப்பையே பாட்டாகப் பாடிவைத்த புலவருக்கும் ஆறவிட வேண்டும் என்பது முக்கியமாகப் பட்டிருக்கிறது. டின்னோடு வரும் ஈஸ்ட் பொட்டலத்தைப் பொறுத்தவரை, அது கடை அலமாரியில் எத்தனை மாதம் கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது. 20 லிட்டருக்கு 11 கிராம் அளவுள்ள, காலாவதி ஆகாத உலர் ஈஸ்ட் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது. மொத்தச் செலவில் அது மிகச் சிறிய பங்கு, சுவையில் மிகப் பெரிய பங்கு.

அடுத்தது மருந்து வாடை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வீசுமே, டெட்டாலும் பிளாஸ்திரியும் கலந்த ஒரு வாடை, அது பீரில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு குளோரின் என்று சொல்லிவிடலாம். குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லப் போடப்படும் குளோரினும், மால்ட்டில் இயல்பாக உள்ள பீனால்களும் சேர்ந்தால் குளோரோபீனால் என்னும் பொருள் உண்டாகிறது. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நாக்கு அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், எங்கள் ஆலையில் எதற்கு அஞ்சாவிட்டாலும் இதற்கு அஞ்சினோம். இந்த அன்பரிடம் குளோரின் இரண்டு வழியாக வந்திருக்கிறது. குழாய் நீர் ஒரு வழி; ழவேல் தண்ணீர் மற்றொரு வழி. பிரான்சில் குடும்பம் நடத்தியவர்கள் யாரும் ழவேல் தண்ணீர் இல்லாமல் வீடு கழுவுவதில்லை, புதுவையிலும், பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் பழைய சொல்தா குடும்பங்களில் அந்தப் பெயர் இன்னும் புழங்குகிறது. தரையைக் கழுவ அது நல்லதுதான். பீர் வாளிக்கு அது ஆகாது, பிளாஸ்டிக் கீறல்களுக்குள் ஒளிந்துகொண்டு எத்தனை முறை அலசினாலும் மிச்சம் இருக்கும்.

குழாய் நீரிலுள்ள குளோரினைப் போக்குவது கடினமன்று. முதல் நாள் இரவே நீரைக் கொதிக்க வைத்து அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். சில ஊர்களில் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமைன் கலக்கிறார்கள். அது எளிதில் பறக்காது. அதற்குக் காம்ப்டன் மாத்திரை என்று விற்கும் மெட்டாபைசல்ஃபைட் மாத்திரையில் பாதியைப் பொடித்து 20 லிட்டரில் கலக்கினால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். பாரீஸ் வட்டாரத்து நீர் சுண்ணாம்பு மிகுந்த கடின நீர் என்பதைச் சொல்லி, அதனால்தான் சுவை கெட்டதோ என்று அவர் ஐயப்பட்டிருந்தார். நீரின் உப்புகளுக்கும் பீரின் குணத்துக்கும் உறவு உண்டு என்பது உண்மை. செக் நாட்டுப் பில்சன் நகரின் மென்னீர் இல்லாமல் 1842-இல் அங்கே பிறந்த பொன்னிற பீர் அந்தப் பெயரைப் பெற்றிருக்காது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து நீரில் உள்ள ஜிப்சம்தான் அவ்வூர் பீரின் கசப்பை எடுப்பாக்கியது. ஆனால் இவையெல்லாம் தானியத்தைத் தாமே ஊறவைத்துச் சாறெடுப்பவர்கள் கவலைப்பட வேண்டியவை. டின் சாற்றில் அதைத் தயாரித்தவர்களின் நீரிலிருந்த உப்புகள் ஏற்கெனவே அடங்கியிருப்பதால், குளோரின் இல்லாத எந்த நல்ல குடிநீரும் இவருக்குப் போதும்.

மெலிவுக்குக் காரணம் அந்த ஒரு கிலோ சர்க்கரை. டின்னின் மேலட்டையிலேயே அப்படி அச்சிட்டிருப்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது. மலிவாக முடிய வேண்டும் என்று விற்பவர்கள் கண்டுபிடித்த வழி அது. வெள்ளைச் சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாகவும் வாயுவாகவும் மாறிவிடும், நாக்கில் நிற்பதற்கு எதையும் விட்டுவைக்காது. மால்ட்டில் ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின்கள் இருப்பதால்தான் பீருக்கு ஒரு கெட்டித்தன்மை கிடைக்கிறது. இவருடைய வாளியில் நொதிக்கும் சரக்கில் ஐந்தில் இரண்டு பங்கு வெறும் சர்க்கரை. கஞ்சியில் சோற்றைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டியதற்கு ஒப்பானது. அடுத்த முறை சர்க்கரைக்குப் பதிலாக அதே எடைக்கு உலர்ந்த மால்ட் சாற்றுப் பொடியை வாங்கிச் சேர்த்தாலே, வேறெதையும் மாற்றாவிட்டாலும், பீர் வேறொன்றாகிவிடும். இன்னும் ஒரு படி மேலே போக விரும்பினால், கிரிஸ்டல் மால்ட் என்னும் வறுத்த தானியத்தில் 250 கிராமை ஒன்றிரண்டாக உடைத்து, துணியில் முடிந்து, 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கஷாயத்தோடு சேர்க்கலாம். வெல்லப்பாகின் சாயலும் நிறமும் கிடைக்கும். தானியத்தைக் கொதிக்கவிடக் கூடாது, மூட்டையைப் பிழியவும் கூடாது. தேயிலையைக் கொதிக்கவிட்டால் என்ன துவர்ப்பு வருமோ அதே துவர்ப்பு உமியிலிருந்து இறங்கும்.

பச்சை ஆப்பிளைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டாம். அது நோயன்று, காய். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் வழியில் அசிட்டால்டிஹைடு என்ற இடைப்பொருளை முதலில் உண்டாக்குகிறது. அந்த வாடைதான் இது. ஆறாம் நாள் ருசித்தது மாங்காயைப் பறித்துக் கடித்துவிட்டு இந்த மரம் புளிப்பு மரம் என்று சொன்னதற்குச் சமம். இன்னும் ஒரு வாரம் அதே ஈஸ்ட்டின் மேல் விட்டுவைத்தால் ஈஸ்ட்டே அதைத் திரும்ப எடுத்துத் தின்றுவிடும். வெண்ணெய் வாடை அடிக்கும் டைஅசிட்டைல் என்ற மற்றொரு பொருளுக்கும் இதே மருந்துதான். எப்போது முடிந்தது என்பதை நாளைக் கொண்டு கணக்கிடாமல் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரைக் கொண்டு பார்க்க வேண்டும்; வெறும் நீரின் அடர்த்தி அதில் 1.000. இவருடைய அளவுகளின்படி கஷாயத்தின் அடர்த்தி தொடக்கத்தில் 1.045 அளவில் இருந்திருக்கும், அது 1.008 அளவுக்கு இறங்கி, மூன்று நாட்கள் தொடர்ந்து அசையாமல் நின்றால் நொதித்தல் ஓய்ந்தது என்று பொருள். ஓயாத பீரை அடைப்பதும் முன்பு சொன்ன வெடிப்புக்கு மற்றொரு வழி.

அவருக்கு இம்முறை வராத, ஆனால் அடுத்த முறை வந்துவிடக்கூடிய ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் காபியை டம்ளருக்கும் டவராவுக்கும் இடையே ஒரு முழ உயரத்தில் ஆற்றுவோம். ஆறிய கஷாயத்தில் ஈஸ்ட் போடுவதற்கு முன் அப்படியே ஆற்றலாம், ஆற்ற வேண்டும்; ஈஸ்ட் பெருகுவதற்கு ஆக்சிஜன் தேவை. நொதித்து முடிந்த பிறகு அதே காரியத்தைச் செய்தால் பீர் பாழ். காற்றுப் பட்ட பீர் சில வாரங்களில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடைக்குப் போய்விடும். ஆகவே வாளியிலிருந்து பாட்டிலுக்கு மாற்றும்போது குழாயின் நுனி பாட்டிலின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், சலசலப்பே கேட்கக் கூடாது. பாட்டில் பழுப்பு நிறமாக இருப்பது நல்லது. வெளிச்சம் பட்டால், பீரில் கசப்புக்கும் மணத்துக்கும் சேர்க்கும் ஹாப்ஸ் என்னும் பூவின் கசப்புப் பொருள் சிதைந்து, ஸ்கங்க் என்னும் விலங்கு பீச்சும் திரவத்தின் நாற்றத்தைத் தரும், பச்சைக் கண்ணாடி அதைத் தடுக்காது.

சுத்தத்தைப் பற்றி நீட்டி எழுத மாட்டேன். 1871-இல், பிரஷ்யாவிடம் தோற்ற அவமானத்தில், ஜெர்மானிய பீரை வெல்லும் பிரெஞ்சு பீரைச் செய்துகாட்ட வேண்டும் என்ற வீம்பில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் இறங்கியபோது, பீர் புளிப்பதற்கும் கெடுவதற்கும் அந்நியக் கிருமிகளே காரணம் என்று காட்டினார். 1883-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் ஹான்சன் என்பவர் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். அதற்குப் பின் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. நம் பனையேறிகள் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீரைப் புளிக்காமல் காப்பதும், சுண்ணாம்பு தடவாவிட்டால் மாலைக்குள் அது கள்ளாகிவிடுவதும் வில்லியனூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் தெரியும். கலயம் எப்படியோ உள்ளே இருப்பதும் அப்படி. கீறல் விழுந்த பழைய வாளியை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி, அலச வேண்டிய தேவையில்லாத அமிலக் கிருமிநாசினியை மட்டும் பயன்படுத்தினால் போதும்.

மணத்துக்கு ஹாப்ஸ். டின் சாற்றில் கசப்புக்கான ஹாப்ஸ் முன்பே சேர்ந்திருக்கும், ஆனால் மணம் அந்தக் காய்ச்சலிலேயே போயிருக்கும். நொதித்தல் அடங்கியபின் 40 கிராம் ஹாப்ஸை வாளியில் இட்டு மூன்று நான்கு நாள் ஊறவிட்டால் புது மணம் ஏறும். ஸ்ட்ராஸ்பூர் அடங்கிய அல்சாஸ் வட்டாரத்தில் விளையும் ஸ்ட்ரிசெல்ஸ்பால்ட் என்ற வகை, மென்மையான பூமணம் கொண்டது. பிரான்சிலேயே கிடைக்கும்போது அமெரிக்க ஹாப்ஸைத் தேடிப் போவானேன் என்பது என் கட்சி, ஆனால் இது அல்சாஸில் உப்புத் தின்றவனின் பேச்சு என்று தள்ளிவிடலாம். பழைய ஹாப்ஸ் பாலாடைக்கட்டி நாற்றம் அடிக்கும், மோந்து பார்த்து வாங்க வேண்டும்.

இவ்வளவும் அடுத்த முறைக்கு. இப்போது வாளியில் இருக்கும் 20 லிட்டரை என்ன செய்வது என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. அதற்கு நேர்மையான பதில் இது. இன்னும் பத்து நாள் தொடாமல் விட்டுவிட வேண்டும். பச்சை ஆப்பிள் அதற்குள் போய்விடும். மெலிவை ஓரளவு மறைக்க, 200 கிராம் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் பொடியைக் கொதிநீரில் கரைத்து ஆற்றிச் சேர்க்கலாம். ஈஸ்ட் அதைப் பெரும்பாலும் தொடாது, ஆகையால் பாட்டிலுக்கும் ஆபத்தில்லை. நகப் பூச்சு அழிப்பானின் நெடி பாட்டிலில் இரண்டு மூன்று மாதம் கிடந்தால் கொஞ்சம் தணியலாம், முழுவதும் போகாது. மருந்து வாடை மட்டும் எக்காலத்திலும் போகாது. பத்து நாள் கழித்து ஒரு குவளை எடுத்துக் குளிர வைத்து ருசித்துப் பார்க்கட்டும். மருந்து வாடை அப்போதும் முன்னே நின்றால், 60 பாட்டில்களைக் கழுவி அடைத்து மூடி போடும் சிரமத்தை எடுத்துக்கொள்ளாமல், அத்தனையையும் சாக்கடையில் கொட்டிவிடுவதே உத்தமம். எங்கள் ஆலையில் ஒரே காலையில் ஒரு முழுத் தொட்டியைக் கொட்டச் சொல்லி நான் எழுதியிருக்கிறேன், அன்றைக்கு யாரும் என்னோடு சேர்ந்து சாப்பிட உட்காரவில்லை.

அந்த அன்பர் இம்மாதக் கடைசியில் பாட்டிலில் அடைக்கப்போவதாக எழுதியிருந்தார். ஆகையால், இக்கடிதம் முழுவதையும் வெளியிட இடம் இல்லாவிட்டாலும், இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்று அச்சானது தவறு, லிட்டருக்கு 6 கிராம் போதும் என்ற ஒரு வரியை மட்டுமாவது, அடுத்த ஞாயிறுவரை காத்திராமல், இவ்வார நாளிதழிலேயே வெளியிடும்படி தங்களை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி